இன்னொரு தலையணை

பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியர், குடும்ப டாக்டரின் கிளினிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இதய பலவீனத்தை ஆரம்பத்திலேயே பார்க்கிறவங்க நீங்கதான். அதனால என் ஆராய்ச்சியில சேரணும். இதுவரைக்கும் கேட்ட டாக்டருங்க அத்தனை பேரும் கையை விரிச்சுட்டாங்க."

"மாடி ஏறும்போது நடுவுல நின்னீங்களா சார்?"

"போன் வந்துது, நின்னேன். நான் அனுப்பின கேள்விகளை நோயாளிங்ககிட்ட கேட்டாப் போதும். எல்லாம் உலகத்தரம்!"

"ஷூ லேஸை அவுத்து விட்டிருக்கீங்களே, சாயங்காலமானா இறுக்குதா?"

"புது ஷூ."

"தூங்கும்போது எத்தனை தலையணை?"

"ரெண்டு." பேராசிரியருக்குச் சுருக்கென்றது. ஊர்க்கதை பேசியே ஆளைக் கழற்றிவிடப் பார்க்கிறாரே! "சேருவீங்களா, மாட்டீங்களா?"

"நீங்க மாடி ஏறி வந்ததுமே சேர்ந்துட்டேன் சார். இவ்வளவு நேரம் கேட்டது உங்க கேள்விகளைத்தான். முதல் ஆள் நீங்க." டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். "பயப்படாதீங்க, ஆரம்பம்தான் போலிருக்கு. மாத்திரையில சமாளிச்சுடலாம்."

தான் எழுதிய கேள்விகளையே அடையாளம் தெரியாமல் போன பேராசிரியர் அசடு வழிந்தார். ஆனாலும் ஒரு டாக்டர் சிக்கிவிட்ட நிம்மதியில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"டாக்டர்... அந்த போன் வரவே இல்ல. தலையணையும், ரெண்டு வச்சா மூச்சு முட்டுது. மூணுன்னு எழுதிக்குங்க."