அடிடா, வெஸ்லி!

"கதவைத் திற ஐரீன். வண்டிக்குள்ளேயே உக்காந்து உறைஞ்சு போகப் போறியா?"

கொலெட் கண்ணாடியைத் தட்டினாள். வெளியே மைனஸ் முப்பது டிகிரி குளிர். ஐரீன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

"நான் உள்ளே வரல. முடிஞ்சதும் வந்து சொல்லு, போதும்."

"பாதி ஆட்டம் முடிஞ்சாச்சு. ஒண்ணும் ஆகல. இறங்கு முதல்ல."

கையைப் பிடித்து இறக்கி, அரங்கத்துக்குள் கூட்டிப்போய், மேல் வரிசையில் உட்கார வைத்துத் தன் போர்வையில் பாதியை அவள் மடியில் போட்டாள் கொலெட்.

இருவர் பிள்ளைகளும் ஐஸ் ஹாக்கியில் எதிரெதிர் அணி. ஆனாலும் தாய்மார்கள் சிநேகிதிகள். போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆரம்பித்த சிநேகம். வெஸ்லி ஓங்கி அடித்த ரப்பர் வட்டு, கோலைக் காத்து நின்ற தியோவின் தோளெலும்பை முறித்த நாள் அது. ஆபரேஷன் முடியும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு பையன்கள் இருவரும் பனித்தளத்தில் எதிரெதிரே நிற்பது இன்றைக்குத்தான்.

"வெஸ்லி அடிச்சானா?" ஐரீன் தலை நிமிரவில்லை. பூட்ஸையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கே அடிக்கிறான்! நல்ல இடத்துல வட்டு கெடைச்சும் பக்கத்துல நிக்கிறவனுக்குத் தள்ளி விட்டுட்டான். இந்த வருஷம் பூரா இதே கதைதான்." கொலெட்டுக்கு எரிச்சலாக வந்தது. "தொண்ணூத்தெட்டு மைல் வேகம்! மெஷின் வச்சு அளந்தாங்களே. நம்ம சஸ்காட்சுவான் மாகாணத்துலயே மட்டையை ஓங்கி விளாசற இப்படி ஒரு ஸ்லாப் ஷாட் கெடையாது. பெரிய லீக்ல நூத்தெட்டு மைல் அடிச்சவன் இருக்கான். வெஸ்லி அதையும் தாண்டுவான்னு பேசிக்கிட்டாங்க. இப்ப மட்டையைத் தோளுக்கு மேல தூக்கவே மாட்டேங்கறான்."

"தூக்காட்டி என்ன? குடியா முழுகிடும்?"

"பொறவியிலேயே வந்த அடி அது, ஐரீன். யாருக்குக் கெடைக்கும்?"

ஐரீன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எலும்பு முறிஞ்ச அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல கேக்குது. வீட்ல அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல. நடுராத்திரி எழுந்து சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். இந்த விளையாட்டே வேணாம்டா, விட்டுடுன்னேன். 'ஒரே ஒரு தடவை அவன் எதிர்ல நின்னுட்டு வந்துடறேம்மா'ங்கறான்."

கொலெட் அவள் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு. முகமூடி கூட இல்லாம வெறும் மூஞ்சியோட கோல்ல நின்ன காலம் இருந்துது. இப்ப உடம்பு பூரா கவசம். போன தடவை கவசம் விலகின இடமாப் பாத்துப் பட்டுடுச்சு. அது யார் தப்பும் இல்ல. எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "டேய் வெஸ்லி! இன்னொரு தோளையும் உடைச்சிடாதடா!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஐரீன் காதைப் பொத்திக்கொண்டாள். கொலெட் சரேலென்று திரும்பினாள்.

"ஏம்ப்பா, பாப்கார்ன் தின்னுக்கிட்டே கத்தறது ரொம்பச் சுலபம். நீ வேணா இறங்கி ஆடிக் காட்டேன், பாக்கறேன்!"

அவன் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். இரு அணியும் சமம். அப்போதுதான் கோலை நோக்கிப் பாய்ந்த வெஸ்லியை எதிரணிக்காரன் பின்னாலிருந்து இடறிவிட்டான். நடுவர் விசில் ஊதினார். தண்டனை அடி. வெஸ்லிக்கும் தியோவுக்கும் நடுவில் யாருமே கிடையாது.

வட்டு நடுக்கோட்டில் கிடந்தது. வெஸ்லி அதன் முன்னால் போய் நின்றான். நின்றவன் நின்றபடியே இருந்தான். நடுவர் மறுபடி விசில் ஊதினார். அவன் நகரவில்லை.

எதிரே தியோ மட்டையால் பனியை டொக் டொக்கென்று தட்டினான்.

"வாடா வெஸ்லி! வந்து அடிடா!"

அமைதியாகியிருந்த அரங்கில் அந்தக் குரல் மேல் வரிசைவரை கேட்டது. ஐரீன் கண்ணை இறுக மூடி, கொலெட்டின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"என்ன ஆச்சு? சொல்லு!"

"கிளம்பிட்டான்... வேகமா வர்றான்... மட்டையைத் தூக்கிட்டான். அடிடா, வெஸ்லி!"

வெடி வெடித்தது போல ஒரு சத்தம். தொடர்ந்து பட்டென்று இன்னொரு சத்தம். பிறகு எதுவுமே கேட்கவில்லை.

"தியோ எழுந்துட்டானா? கொலெட், தியோ எழுந்துட்டானா?"

"விழுந்தாத்தானே எழுந்திருக்க! கையுறைக்குள்ள கப்புனு புடிச்சுட்டான்டி! கண்ணைத் திறந்து பாரு!"

கீழே தியோ வட்டைப் பிடித்த கையைத் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தான். வெஸ்லி பனியில் மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். கோலை விட்டு வெளியே வந்த தியோ அவனைத் தூக்கி நிறுத்தி, தலைக்கவசத்தோடு தலைக்கவசம் முட்டினான். ஐரீன் வாய்விட்டு அழுதாள். கொலெட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று இருவருமே கவனிக்கவில்லை. உடை மாற்றும் அறைக்கு வெளியே போய்க் காத்து நின்றார்கள். ஈரத் தலையோடு முதலில் வெளியே வந்தவன் தியோ.

ஐரீன் ஓடிப்போய் அவன் தோளை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

"வலிக்குதாப்பா? மறைக்காமச் சொல்லு."

"துளிகூட இல்ல, ஆன்ட்டி. உங்க பிள்ளைதான் உள்ளே உக்காந்து அழுதுக்கிட்டிருக்கான், நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்றவன், கொலெட் பக்கம் திரும்பினான். "அம்மா, அவங்க ரெண்டு பேரும் இன்னிக்கு நம்ம வீட்லதான் சாப்பிடறாங்க, சரியா?"