ஒரு ஓட்டில் போன இரண்டு வருஷம்

கேப்டன் போட்ட கூச்சலில் வீட்டுக் கூரை இரண்டு அங்குலம் மேலே போய் இறங்கியது.

“ஓய்வு வயசை ரெண்டு வருஷம் கூட்டித் தர்றேன்னு கம்பெனியே இறங்கி வந்துச்சு. பைலட் சங்கத்துல ஓட்டுக்கு விட்டு, ஒரே ஒரு ஓட்டுல தோக்கடிச்சுட்டானுங்க! அடுத்த மாசத்துலேர்ந்து நான் வீட்டுல உட்காரணுமாம்!”

மனைவி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “சின்னப் பசங்களுக்கும் பதவி உயர்வு வேணாமா?”

“காத்திருக்கட்டுமே! அந்த ஒரு ஓட்டைப் போட்ட கிராதகன் மட்டும் கையில கிடைச்சான், முப்பதாயிரம் அடி உயரத்துல கதவைத் திறந்து தள்ளி விட்டுடுவேன்!”

“பாவம், பாராசூட்டாவது குடுங்க.”

சட்டையின் தோளில் நான்கு தங்கப் பட்டைகளை மாட்டி, அதைத் தானே அணிந்துகொண்டாள். அவளும் கேப்டன்தான், அதே கம்பெனியில். அழைத்துப்போக வண்டி வரும் நேரம்.

“நம்ம வீட்டு ரெண்டு ஓட்டு விழுந்துமா தோத்துட்டோம்?” என்று முனகினார்.

“ஒண்ணுதான் விழுந்துச்சு.”

கேப்டன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

“இருபது வருஷமா நீங்க இறங்கினா நான் ஏறுறேன். பேசிக்கிறதெல்லாம் ஃபிரிட்ஜ்ல ஒட்டின சீட்டுலதான். நான் வீட்டுக்கு வர்றப்ப நீங்க இருக்க வேணாமா?”

வெளியே ஹாரன் அடித்தது. கேப்டன் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வண்டியில் ஏற்றிவிட்டுக் கேட்டார்:

“எப்பத் திரும்புறே?”

“வியாழக்கிழமை காலைல.”

“அன்னைக்கு எனக்கு டூட்டி,” என்றபடி கதவைச் சாத்தப் போனவர், மறுபடி திறந்தார். “லீவு சொல்லிடறேன்.”