குரலில்லாத வாதம்

அண்ணன் இறந்து இரண்டு வருடமாகிறது. அதற்கு முந்தைய ஒரு மாலை மட்டும் எனக்குள் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. கடிகாரம் பழுதுபார்க்கும் அவருடைய மேசைமேல் கைப்பேசி அதிர்கிறது. கிண்ணத்திலிருக்கும் திருகாணிகளும் சேர்ந்து நடுங்குகின்றன. காணொளியில் அழைப்பவர் கடல் கடந்த ஏதோ ஊரில் இதே வேலை செய்பவர். இணையத்தில் அறிமுகமாகி, பாதி ஆங்கிலமும் பாதி சைகையுமாக மூன்று வருடம் கடிகாரப் பழுதுகளைப் பற்றி அண்ணனோடு வாதாடியவர். தொண்டையில் அறுவை நடந்து அண்ணனுக்குக் குரல் போனது அவருக்குத் தெரியாது. அண்ணன் ஒரு சீட்டில் எழுதி என் பக்கம் தள்ளுகிறார்: 'பாவம் பார்ப்பான். அப்புறம் என்ன நட்பு?' எட்டிப் படித்த அண்ணி, "உங்க பாட்டுக் கச்சேரி கேக்கவா அவர் கூப்பிடறாரு? எடுங்க," என்கிறார். அண்ணனின் விரல் திரைக்கு மேல் நிற்கிறது. பிறகு தொடுகிறது. வழுக்கைத் தலையோடு ஒரு சிரிப்பு தோன்றி, அண்ணன் கழுத்திலிருக்கும் மருந்துக்கட்டைக் கண்டதும் நின்றுபோகிறது. அண்ணன் தொண்டையைத் தொட்டுக் கையை விரிக்கிறார். அந்தப் பக்கத்துச் சுவர்க் கடிகாரங்கள் ஓடுவது மட்டும் கேட்கிறது. அந்த மனிதர் எழுந்து போகிறார். திரையில் வெறும் நாற்காலி. அண்ணன் தலை கவிழ்கிறது. "போயிட்டாரா?" என்று அண்ணி கிசுகிசுக்கிறார். அந்த மனிதர், பிரித்துவைத்த கடிகாரம் ஒன்றோடு திரும்பி வந்து, இடுக்கி முனையால் ஒரு சக்கரத்தைக் காட்டிப் புருவம் உயர்த்துகிறார். அண்ணன் தயங்கி, பழுது வேறிடத்தில் என்று சீட்டில் வரைந்து காட்டுகிறார். அவர் உதட்டைப் பிதுக்கி, இல்லவே இல்லை என்று தலையாட்டுகிறார். அண்ணன் மேசையை ஓங்கித் தட்டுகிறார். "ஆரம்பிச்சாச்சா ரெண்டு பேரும்!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்கிறார். அண்ணன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.