ஒன்பதாம் நம்பர்

"நாளைக்குக் காலையில ஆளுக்கு ஒரு சீட்டு. அதிகாரியாக லாயக்கில்லாதவன் நம்பரை எழுதிப் போடணும். அதிகமா விழுற நம்பர் வீட்டுக்குப் போகும்."

சொல்லிவிட்டுப் பயிற்சி அதிகாரி தன் பாட்டுக்குப் போய்விட்டார்.

கடற்படைப் பயிற்சிப் பள்ளியின் அந்த அறையில் பன்னிரண்டு பேர். யார் போவது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒன்பதாம் நம்பர்க்காரன், எல்லாரும் ஆமை என்று கூப்பிடுகிறவன்தான். வாராவாரம் சோதனையில் அவன் படுக்கை விரிப்பு கசங்கியிருக்கும், பூட்ஸ் மங்கியிருக்கும். அவனால் மொத்த அறையும் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடும்.

ஆமை மூலையில் உட்கார்ந்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்காரனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு ஒரு வழி சொன்னான்.

"அவனவன் தன் நம்பரையே எழுதுவோம். ஆளுக்கு ஒண்ணுதான் விழும். யாரை அனுப்புவாங்க?"

பன்னிரண்டு பேரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காருடா. இதை மறக்கவே மாட்டேன்."

காலையில் சீட்டு கைக்கு வந்ததும் கண்ணாடிக்காரனுக்குச் சந்தேகம் வந்தது. எவனாவது சொன்ன சொல் தவறி இவன் நம்பரை எழுதிவிட்டால், இரண்டாகிவிடுமே? தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதா? ஆமை இன்றைக்குப் போகாவிட்டாலும் அடுத்த மாதம் போகிறவன்தானே.

ஒன்பது என்று எழுதி, நாலாக மடித்துப் போட்டான்.

வரிசையாக நிற்க வைத்து, அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"ஒன்பது. ஒன்பது. ஒன்பது..."

நாலாவது சீட்டிலேயே கண்ணாடிக்காரனுக்கு விளங்கிவிட்டது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"பன்னிரண்டும் ஒன்பது. இவனே இவன் நம்பரை எழுதியிருக்கான். தன் மேலயே நம்பிக்கை இல்லாதவன் கப்பலை எப்படி நடத்துவான்?"

சத்தியத்தைக் காப்பாற்றியது அவன் ஒருத்தன்தான் என்று சொல்ல, அந்த வரிசையில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. பதினோரு பேரும் தலையைக் குனிந்து தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரியும் பார்த்தார்.

"இவனுங்க பூட்ஸைப் பாரு, முகம் தெரியுது. இவங்ககிட்ட கத்துக்கக் கூடாதா நீ?"

ஆமை பாலிஷ் கறை போகாத கையால் பெட்டியைத் தூக்கினான். வாராவாரம் அந்தப் பதினோரு ஜோடிக்கும் பாலிஷ் போட்ட கை அது.