தனி ஆல்பம்

"ஜல்தி வா. ஒரு பாட்டு விஷயமா பேசணும்."

பிரான்சிஸ் அனுப்பிய செய்தியைப் பார்த்ததிலிருந்து, விழுப்புரம் தொட்டுத் திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் ஜாக்குலின் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தாள்.

கிடார் வாசிக்கும் பிரான்சிஸ் தொடங்கிய, நீள நீளமான பாட்டுகள் வாசிக்கும் புரோக் ராக் பேண்ட் அது. தனியாக ஆல்பமோ பாட்டோ போட்டாலும், வெளியாருக்கு வாசித்தாலும் அன்றைக்கே வெளியே போய்விட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பாடகர் இருதயநாதன் போன வருஷம் அப்படித்தான் போனான். கீபோர்டு வாசிக்கும் ஜாக்குலினோ, போன வாரம் புனைபெயரில் பதினெட்டு நிமிடப் பாட்டு ஒன்றை இணையத்தில் போட்டுவிட்டாள். கிடாரும் டிரம்ஸும் ஆன்லைனில் தேடிப் பிடித்த, முகம் தெரியாத இரண்டு பேர் வாசித்து அனுப்பியவை.

இந்த பேண்டை விட்டால் இப்படி வாசிக்க இந்தப் பக்கம் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒத்திகை அறையில் டிரம்மர் சேரன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பிரான்சிஸ் கதவைச் சாத்தினார். போனில் அவளுடைய பாட்டு ஓடியது.

"இதக் கேட்டீங்களா?"

ஜாக்குலின் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, நான்தான் போட்டேன். மன்னிச்சிடுங்க."

சேரன் நிமிர்ந்தான். "நீயா? டிரம்ஸ் அடிச்சி அனுப்புனது நான். வேற பேர்ல."

பிரான்சிஸ் பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"கிடார் வாசிச்சது என் கைன்னு கண்டுபுடிச்சி, நீங்க ரெண்டு பேரும் என்னை வெளிய அனுப்பிடுவீங்கன்னு மூணு நாளா பயந்துக்கினு கெடக்குறேன்."