தாமரையின் வேண்டுதல்

“கொட்டு,” என்றார் தாமரையின் கணவர் சுகுமாறன்.

தாமரை பேக்கைக் கவிழ்த்தாள். அதுவரை மடித்து அடுக்கியதெல்லாம் தரையில் விழுந்தது.

கட்டிலில் உட்கார்ந்தபடியே ஊன்றுகோலை நீட்டி ஒவ்வொன்றாக ஒதுக்கித் தள்ளினார். மூன்றாவது புடவை வேண்டாம். போர்வை வேண்டாம். மைலோ டின் எதற்கு, பிக்னிக்கா போகிறாள்?

“கிள்ளான்ல அரைக் கிலோன்னா சபாக் பெர்ணம் போறதுக்குள்ள அது அரிசி மூட்டை. தெரியுமா உனக்கு? உனக்கு என்ன தெரியும்?”

அவருக்குத் தெரியும். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிய காலமெல்லாம், தைப்பூசம் வந்தால் லீவு போட்டுவிட்டு, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பாதயாத்திரைக் கூட்டத்தை முன்னால் நின்று நடத்திப் போனவர். காப்பார், கோல சிலாங்கூர் என்று கடலோரச் சாலை முழுக்க அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வழியில் குடும்பங்கள் பந்தல் போட்டு அவர் காலைக் கழுவி மஞ்சள் பூசுவார்கள்.

அந்தக் கால்களில் ஒன்றை இனிப்பு நீர் வியாதி கொண்டுபோய்விட்டது. முழங்காலுக்குக் கீழே சாரோங் தட்டையாகக் கிடந்தது.

இந்த வருடம் தாமரை போகிறாள். கேட்டுவிட்டுப் போகவில்லை. பேரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“நீ காப்பாரைத் தாண்டமாட்ட. நடு ரோட்டுல குந்திக்கிட்டு என் மானத்தை வாங்கப்போற. உன் உடம்பே ஒரு மூட்டை. அதுக்கு மேல இன்னொரு மூட்டையா?”

தாமரை போர்வையை எடுத்துத் திரும்ப பேக்கில் வைத்தாள்.

அவர் ஊன்றுகோலால் அதை வெளியே இழுத்தார்.

அவள் திரும்ப வைத்தாள். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தாள்.

ஊன்றுகோல் பறந்து வந்தது. அவள் காதை உரசிப் போய், அலமாரியில் மோதி, மேசைக்கு அடியில் உருண்டது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அது இல்லாமல் அவரால் கழிவறைக்குக்கூடப் போக முடியாது.

தாமரை அதை எடுக்கவில்லை. வாஸ்லினையும் தைலத்தையும் பக்கவாட்டுப் பையில் செருகினாள். ஜிப்பை நிதானமாக இழுத்தாள்.

“எடு,” என்றார்.

“உங்க அக்கா பந்திங்லேர்ந்து பஸ் ஏறிட்டாங்க. வந்து எடுத்துக் கொடுப்பாங்க.”

கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டு சுரேகா, மஞ்சள் உடுத்தி, நெற்றி நிறைய விபூதியோடு உள்ளே வந்தாள். கிடந்த ஊன்றுகோலை அவள்தான் எடுத்துக் கட்டிலில் சாய்த்து வைத்தாள்.

“கொடுத்து வெச்சவர் லா நீங்க, அண்ணே. உங்களுக்காக அண்ணி பினாங்கு வரைக்கும் நடக்கறாங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?”

சுகுமாறனின் முகம் மெல்லத் தளர்ந்தது. பல வருடங்களாகத் தாமரை கேட்காத ஒரு குரலில், “இருக்கிற காலாவது நிலைக்கணும்னு வேண்டிக்கிட்டியா?” என்றார்.

“வேண்டினதை வெளியே சொல்லக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் பேக்கைத் தோளில் மாட்டினாள்.

அடுக்குமாடியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. படி இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பற்றி நின்றாள்.

“அண்ணனுக்குச் சரியாயிடும், அண்ணி,” என்றாள் சுரேகா. “நடந்து போய்க் கேட்டா முருகன் கொடுக்காம இருக்கமாட்டாரு.”

“நான் கேட்கப் போகலை, சுரேகா. கொடுத்துட்டாரு. அதுக்குத்தான் போறேன்.”

சுரேகா புரியாமல் சிரித்தாள். தாமரை அடுத்த படியில் காலை வைத்தாள்.

அவருக்கு இரண்டு காலும் இருந்தபோது ஒரு நாள், சமையலறைத் தரையில், உதைபட்ட இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தபோது, சுவரில் தொங்கிய காலண்டர் முருகனைப் பார்த்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

இந்தக் கால் இனிமேல் என்மேல் படக் கூடாது, முருகா. உன் மலைக்கு நடந்தே வருகிறேன்.