ஒழுகாத கூரை

போன மழையில் கூடு ஒழுகி ஒரு குட்டியைப் பறிகொடுத்திருந்தது அணில். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தோப்பிலிருந்து பெரிய முசுறு எறும்பு ஒன்று வந்தது. இலையை இழுத்துத் தைப்பதில் முசுறுகளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

“கவலைப்படாதேக்கா, நாங்க கூரை தைச்சுத் தர்றோம். கூலியே வேண்டாம். கிழக்கே நீ புழங்காத கிளை ஒண்ணு இருக்கில்ல, அதுல எங்க ஆளுங்க தங்கிக்கட்டும். தையலைப் பார்த்துக்கணுமே!”

அந்தக் கிளையின் நுனி கட்டெறும்புகளின் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அணில் அதை யோசிக்கவில்லை. ஈரத்தில் நடுங்கும் மற்றக் குட்டிகளை நினைத்துத் தலையாட்டிவிட்டது.

ஒன்றன் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலியாய்த் தொங்கி, பொழுது சாய்வதற்குள் முசுறுகள் கூரையைத் தைத்து முடித்தன. அணிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

தைத்தவை போய்விட்டன. தையலைப் பார்த்துக்கொள்ள வந்தவற்றுக்கோ தைக்கவே தெரியாது, கடிக்கத்தான் தெரியும். முதலில் கிழக்குக் கிளை நிறைந்தது. பிறகு மரமே நிறைந்தது.

அடுத்த மழை பிடித்துக்கொண்டபோது, இரை தேடிவிட்டு ஓடிவந்த அணிலைக் காவல் முசுறுகள் அடிமரத்திலேயே மறித்தன.

“கட்டெறும்புகளோட சண்டைக்கு ஒத்திகை நடக்குது. முடியறவரை யாரும் ஏறக்கூடாது.”

“அது என் வீடு, தம்பி!”

“அதனாலதான் மரியாதையாச் சொல்றோம்.”

எதிர்மரத்திலிருந்து மைனா குரல் கொடுத்தது. “அணிலக்கா, எனக்கும் கூரை தைச்சுத் தர்றதாச் சொல்லியிருக்காங்க. உன் கூரை ஒழுகுதா?”

வாலிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அணில் நிமிர்ந்து பார்த்தது. சுற்றி நின்ற முசுறுகள் எல்லாம் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஒரு சொட்டுகூட ஒழுகலை” என்றது அணில்.